முன்சக்கரத்தில் இருந்த ஆட்டம்

என் தங்கையின் கணவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பது தெரியவந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் படகுத்துறைக்குப் போய், ஃபெர்ரியில் அக்கரை சேர்ந்தால், மாலைவரை நாற்காலிதான். கிளினிக்கில் டாக்டர் நடக்கச் சொன்னார். ஒரு வாரம் நடந்தார். எட்டாம் நாள் மழை என்று நிறுத்தினார். அதன் பிறகு மழை பெய்யாத நாளிலும் போகவில்லை.

சைக்கிள் யோசனை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். சுழலுகிற எதுவானாலும் அதன் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு பெருமை எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தெலுக் பஹாங் மேட்டில் ஏறி பாலிக் புலாவ் பக்கம் இறங்கி வரும் சைக்கிள் கூட்டத்தில் நானும் ஒருவன். என்னிடம் சும்மா கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். வேலைக்கே இதில் போங்கள், தனியாக உடற்பயிற்சி என்று நேரம் ஒதுக்க வேண்டாம் என்றேன்.

ஆச்சரியமாக, அவருக்குப் பிடித்துப்போனது. ஒன்றரை வருடம் விடாமல் ஓட்டினார். வயிறு இறங்கியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவரு பேண்ட் எல்லாத்தையும் பிடிச்சுத் தைக்கக் குடுத்திருக்கேன். இடுப்புல நிக்க மாட்டேங்குது லா."

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தினமும் கடற்காற்று, அடிக்கடி மழை. ஒன்றரை வருடத்தில் முன்சக்கரம் தேறாத நிலைக்கு வந்துவிட்டது. கம்பிகளில் துரு. நடுவில் இருக்கும் ஹப் கரகரவென்று அரைத்தது. ஒரு சனிக்கிழமை, பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் சைக்கிள் கடைக்கு இரண்டு பேரும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் சீனர். மலாயில் பேசுவார். பழைய ஹப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, கண்ணாடி மேசைமேல் இரண்டு புது ஹப்புகளை எடுத்து வைத்தார்.

ஒன்று சீல் பண்ணிய பேரிங். குண்டுகள் ஒரு வளையத்துக்குள் அடைபட்டு, இரண்டு பக்கமும் ரப்பர் மூடியோடு வரும். திறக்க முடியாது, திறக்கத் தேவையும் இல்லை. தேய்ந்தால் மொத்தமாகத் தட்டி எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். இன்னொன்று பழைய முறை. பக்கத்துக்குப் பத்து இரும்புக் குண்டுகள், கிரீஸுக்குள் உதிரியாக இருக்கும். கோன் என்ற கூம்பு நட்டு அவற்றை உள்ளே பிடித்துக்கொள்ளும். அந்தக் கோன் நகராமல் இருக்க அதன்மேல் இன்னொரு நட்டு. இதைக் கழற்றலாம், துடைக்கலாம், புது கிரீஸ் போடலாம். ஆனால் கோனை எவ்வளவு இறுக்குவது என்பது கைக்குத் தெரிய வேண்டும். அதிகம் இறுக்கினால் அரைக்கும். குறைவாக இறுக்கினால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும்.

மாப்பிள்ளை இரண்டையும் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். உதிரிக் குண்டு ஹப் வெகுநேரம் சுழன்றது. மூடிய ஹப் ரப்பரின் உராய்வில் சற்று முன்னாலேயே நின்றது. அவர் மூடியதைத் தேர்ந்தெடுத்தார்.

"இது போதும் மச்சான். தினமும் மழையில நனையுது. எனக்கு இதையெல்லாம் கழட்டி மாட்டத் தெரியாது. மூடியே கெடக்கட்டும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. "மூடிக் கெடந்தா உள்ள என்ன ஆகுதுன்னு யாருக்கும் தெரியாது மாப்ளே. ஒரு நாள் சத்தம் போடும், அப்புறம் தூக்கிப் போடணும். இதுன்னா இருபது வருஷம் ஓடும்."

கடைக்காரர் இடையில் புகுந்தார். "கழற்றிப் பார்க்க ஆள் இருந்தால் இது நல்லது. ஆள் இல்லையென்றால் அது நல்லது. அவ்வளவுதான். ஆள் இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டு, மூடிய ஹப்பைத் திருப்பி மேசைமேல் வைத்து, உதிரிக் குண்டு ஹப்பை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். என்னிடம் அவர் எதிலும் வாதாடியதில்லை.

முதல் இரண்டு முறை சொன்னபடி செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஞாயிறு காலையில் அவர்களுடைய ஒன்பதாம் மாடி வீட்டு வாசல் நடைபாதையில் செய்தித்தாளை விரித்து, குண்டுகளை எண்ணிக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். தங்கை தோசை சுட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைப்பாள். மாப்பிள்ளை எதிரே குந்தி உட்கார்ந்து, கீழே உருண்ட குண்டைப் பொறுக்கித் தருவார்.

மூன்றாவது முறை வர வேண்டிய நேரத்தில் தொழிற்சாலையில் புதிய இயந்திர வரிசை ஒன்றைப் பொருத்தினார்கள். ஞாயிறும் வேலை. ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் மாப்பிள்ளை போனில், "ஒண்ணும் அவசரம் இல்ல மச்சான், லேசா கரகரங்குது" என்றார். அடுத்த ஞாயிறு, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு புதுமனை விழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பியவன், போகிற வழியில் முடித்துவிடலாம் என்று அங்கே நிறுத்தினேன். மனைவியும் மகளும் கீழே காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கழற்றினேன், கழுவினேன், கிரீஸ் போட்டேன். பூட்டும்போதுதான் மெல்லிய ஸ்பேனர்கள் இரண்டில் ஒன்றைத் தொழிற்சாலைப் பெட்டியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. ஒரு ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் மேல் நட்டை இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்தால் இறுகியது போலத்தான் தெரியும், இறுகியிருக்காது. கீழே ஹாரன் கேட்டது. கோனை விரலால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முடிந்தமட்டும் திருகினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. அடுத்த வாரம் இன்னொரு ஸ்பேனரோடு வந்து சரியாக இறுக்கிவிடலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் இந்த வேலை செய்பவன் ஒரு ஸ்பேனரை மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை.

நான்காவது வாரம் மாப்பிள்ளை விழுந்தார். பட்டர்வொர்த் பக்கம், ஃபெர்ரியிலிருந்து மோட்டார் சைக்கிள்களோடு வெளியே வந்து முதல் வளைவில் திரும்பும்போது. தூறல் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. வேகமாக ஒன்றும் போகவில்லை. முன்சக்கரம் கோணி பிரேக்கில் உரசியதாகவும், கைப்பிடி நடுங்கியதாகவும், அடுத்த நொடி தரையில் கிடந்ததாகவும் பிறகு சொன்னார். இடது கணுக்காலில் தோல் வழன்றிருந்தது, ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு. சப்பாத்து நனையக்கூடாது என்று சிலிப்பர் போட்டுக்கொண்டு ஓட்டுவது அவர் வழக்கம். எழுந்து வேலைக்குப் போனார். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து ஒட்டிக்கொண்டு, அதன்மேல் பாதுகாப்புச் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். இரும்பு மூக்கு வைத்த, கணுக்கால்வரை வரும் கனமான சப்பாத்து. அதைப் போட்டுக்கொண்டு ஐந்து நாள் வேலை செய்தார்.

வலிக்கவில்லை. பல வருடமாகக் கண்டுபிடிக்காமல் கிடந்த இனிப்புநீர் அவர் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. வலிக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் நாள் வீட்டில் ஏதோ நாறுகிறது என்று தங்கை எலி செத்துக் கிடக்கிறதா என்று அலமாரிக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறாள்.

மருத்துவமனையில் முதலில் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பிறகு, சீழ் பரவியிருந்த சுண்டுவிரலை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பதினோராம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுப்பதென்று முடிவானது. டாக்டர் ஒரு தாளில் கால் படம் வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மேலயா?" என்று மட்டும் கேட்டார்.

அறுவை நடந்த அன்று தங்கைக்கு மாற்றுத்துணி எடுத்துவர நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடைபாதைக் கம்பியில் சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தார்கள். யாரோ கிடங்கிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன். டக், டக் என்று ஆடியது. மேல் நட்டை விரலால் தொட்டேன். திரும்பியது. ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து, மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஏதோ பதில் சொன்னேன். அவர் உள்ளே போன பிறகு கீழே இறங்கி, காரிலிருந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது இரண்டு ஸ்பேனரும் இருந்தன. கோனை அளவாக வைத்து, மேல் நட்டை இறுக்கி, மறுபடி அசைத்துப் பார்த்தேன். மயிரிழைகூட ஆடவில்லை. அதைவிடச் சரியாக நான் ஒரு ஹப்பைப் பூட்டியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் துணிகளை ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

மருத்துவமனைக் கேண்டீனில் தங்கை எதிரே உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஆடை படிந்திருந்தது. தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அண்ணே, சைக்கிள்ல ஏதாவது கோளாறா? முன்னாடி டயரு ஆடுச்சுன்னு சொல்றாரு."

"இல்லம்மா. இப்பதான் பார்த்துட்டு வரேன். நல்லா டைட்டா இருக்கு."

சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. சொன்ன சொல்லில் பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருக்கிறது.

"அப்ப இவருதான் பார்த்து ஓட்டல" என்றாள்.

நான் டீயைக் குடித்தேன்.

மாப்பிள்ளை வீடு திரும்பி, ஊன்றுகோலில் பழகினார். மூன்று மாதம் கழித்துச் செயற்கைக்கால் பொருத்தினார்கள். கிடங்கில் உட்கார்ந்தே செய்யும் வேலையாக மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய்வந்தேன். பழம் வாங்கிப் போவேன், உடற்பயிற்சிக்குக் காரில் கூட்டிப்போவேன். இவ்வளவு செய்கிற மைத்துனர் யாருக்கு வாய்க்கும் என்று அந்தப் பக்கத்துவீட்டு அம்மா ஒருநாள் சொன்னார். அன்று லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் ஒன்பது மாடியும் படியிலேயே இறங்கினேன்.

ஒரு சனிக்கிழமை தங்கை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தார். கிடங்கில் ஒரு நேப்பாளத் தொழிலாளி தங்குமிடத்திலிருந்து ரொம்ப தூரம் நடந்து வருகிறானாம். அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்.

"குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஹப்ப மட்டும் மாத்திடுங்க மச்சான். சீல் பண்ணினது போடுங்க."

"இதுவே நல்லாத்தான் இருக்கு."

"இருக்கு. ஆனா அவனுக்குக் கழட்டி மாட்ட ஆளு இல்ல லா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"விழறதுக்கு முன்னாடி பத்து நாளா ஆடிச்சு. ஃபெர்ரில நிக்கறப்ப கையால ஆட்டிப் பார்ப்பேன், டக்கு டக்குங்கும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைக்கு அசைச்சுப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்னுச்சு." என் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுக்கு ஸ்பேனரோட வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"ஆடினப்பவே ஏன் சொல்லல மாப்ளே?"

"போன தடவ போன் பண்ணப்ப ஒரு மாதிரி பேசினீங்க. வேலை அதிகம்னு தெரியும். அதோட, நீங்க செஞ்சு குடுத்தது. போன் போட்டு ஆடுதுன்னு எப்படிச் சொல்றது? ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை வருவீங்கன்னு இருந்தேன்."

அவருக்குக் கோபம் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். களைப்புதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்ட வார்த்தைகள் நினைவில்லை. "சரி, விடுங்க" என்றார். பிறகு, "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அதற்கு எனக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. ஒரு பிற்பகலில், மாப்பிள்ளை வேலையில் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். தங்கை சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கொடியில், வெட்டிய காலுக்கு மாட்டும் உறைகள் வரிசையாகக் காய்ந்தன. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துபோன ஸ்பேனர், வராத மூன்று வாரம், நடைபாதையில் நட்டை இறுக்கியது, கேண்டீன்.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் நறுக்கி முடித்துத் தட்டைத் தள்ளி வைத்த பிறகுதான் பேசினாள்.

"நட்டு லூஸா இருந்தா அது நட்டு. நானும்தான் அஞ்சு நாளா அந்தக் காலைப் பார்க்கல. ஒரே வீட்டுல, ஒரே கட்டில்ல. அதுக்கு நான் யார்கிட்டப் போயி சொல்றது? ஆனா நான் உங்களைக் கேட்டேன் அண்ணே. வாயைத் தொறந்து கேட்டேன்."

"ஆமாம்மா."

"டைட்டா இருக்குன்னீங்க. அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு நான் அவரைத் திட்டினேன். காலு போன மனுசனை. கண்ணு எங்க போச்சு, ஒழுங்கா ஓட்டத் தெரியாதான்னு. மாசக்கணக்கா திட்டினேன். சோறு போடும்போது திட்டினேன். அவரு ஒரு வார்த்தை பதில் பேசல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "தெரிஞ்சிக்கிட்டே பேசாம இருந்திருக்காரு. உங்களைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு. நீங்க வாராவாரம் பழம் வாங்கிக்கிட்டு வந்து அந்த நாற்காலியில உக்காந்திருந்தீங்க."

நான் அருகே போனேன். கையை உயர்த்தித் தடுத்தாள்.

"போங்கண்ணே. இப்ப போங்க."

அந்த வருடத் தீபாவளிக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் எப்போதாவது போன் செய்வார், பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். சைக்கிளை நான் முன்பு போன அதே சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மூடிய ஹப் போட்டுப் புதிதாகச் சக்கரம் கட்டச் சொன்னேன். நானே கட்டியிருக்க முடியும். அது முடிந்து நேப்பாளத் தொழிலாளியிடம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அடுத்தவர்கள் சைக்கிளைத் தொடுவதில்லை. கூட்டத்தில் யாராவது ஹப்பில் சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தால் கடையின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

ஒரு நல்ல டெக்னீஷியனாக யோசித்துப் பார்த்ததுண்டு. ஈரச் சாலை, சிலிப்பர், கூட்டம், எதனால் வேண்டுமானாலும் அவர் விழுந்திருக்கலாம். ஆடிய சக்கரத்தால்தான் விழுந்தார் என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்கத் தேவையானதை நானே இறுக்கிப் பூட்டிவிட்டேன். அதனாலேயே, சக்கரத்தால் அல்ல என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை நேரம், திரையில் தங்கையின் எண் தெரிந்தது. எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னாள். மாப்பிள்ளையின் வலதுகால் குதிகாலில் கொப்புளம். தினமும் காலையில் கண்ணாடி வைத்து அவர் பாதத்தைப் பார்ப்பவள், நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்றாள். காடி எடுத்துக்கொண்டு வர வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேலையை விட்டுவிட்டுப் போனேன். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தார். அவள் பின்னால். மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அவள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலோட்டமான கொப்புளம்தான், சீக்கிரம் வந்துவிட்டீர்கள், கட்டுப் போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். அவள் சுவரோரம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது சாலை அடைத்துக் கிடந்தது. பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"உள்ரோட்டுல போங்க. இங்க நகராது."

போனேன். வீட்டுக்குக் கீழே நிறுத்தியதும் அவள் முதலில் இறங்கி, மறுபக்கம் வந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நாளான்னைக்கு எட்டு மணிக்கு" என்றாள், காரைப் பார்த்து.

"வந்துடறேன்" என்றேன்.

மேலே வாருங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் மெதுவாக நடந்து லிஃப்ட்டுக்குள் போகும்வரை அங்கேயே இருந்தேன். பிறகு தொழிற்சாலைக்குத் திரும்பினேன்.